தாமஸ் கூட்டிச் சொன்ன ஐந்து வயது

எசன் நகரில் நடந்த கூட்டத்தில் உங்களை எல்லாம் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. வம்ச வழி தேடும் வேலைக்கு நம் பிள்ளைகள் ஐந்து பேர் வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இதே வேலை செய்த அலுவலகம் முழுக்கத் தேடினாலும் கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். "அங்கிள், நீங்கள் கண்டுபிடிச்சதில பெரிய கேஸ் ஒண்டை எங்களுக்கு எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எழுத மனம் வரவில்லை.

கண்டுபிடித்த கதைகளை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன். விழித்திரை தேய்ந்துபோய் இரண்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டவன் நான். இதைக்கூட நான் சொல்ல மனைவிதான் எழுதுகிறாள். இடையிடையே அவள் தன் அபிப்பிராயத்தையும் நுழைத்துவிடுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் இங்கிலிஷ். ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகளை வாசிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். பழைய இங்கிலிஷ் கையெழுத்தைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சுழியும் கொம்பும் பயம் தரவில்லை. வெள்ளைக்காரன் எங்களை ஆண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். ஆகவே இங்கிலாந்து, அமெரிக்கா என்று வந்த கோப்புகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன.

அலுவலகத்தை நடத்தியவர் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். மதியத்தில் அப்பிளைச் சீவிச் சீவித் தின்றுகொண்டே அறிக்கைகளைத் திருத்துவார். அறிக்கையின் கடைசி வரி மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்: "ஆம்", "இல்லை", "தெரியாது". வேறு வளவளப்பு ஒன்றும் கூடாது. புதிதாக வந்தவர்கள் "ஆம்" என்று எழுதத் துடிப்பார்கள். கொஞ்சம் தேறினவர்கள் "இல்லை" என்று எழுதத் துடிப்பார்கள், அது கண்டிப்பான ஆள் என்ற பெயரைக் கொடுக்கும். "தெரியாது" என்று எழுத ஒருவருக்கும் பிடிக்காது. நானும் அப்போது தேறின ஆள் என்ற நினைப்பில் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஃபிராவ் லோரென்ட்ஸ், நம் பேச்சில் லோரென்ட்ஸ் அம்மா, வந்தார். உண்மைப் பெயர் அதுவல்ல. அறுபதைத் தொட்ட மனிசி, பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உடன்பிறப்பு இல்லை, கலியாணம் இல்லை, தாயும் போய்விட்டார். தகப்பன் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிறேமன் நகரில் நின்ற அமெரிக்கச் சிப்பாய். பிள்ளை பிறந்ததை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், பிறகு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஃபிராவ் லோரென்ட்ஸ் அவரைத் தேடிப்பிடித்தபோது அவர் செத்து நாலு வருடம். அவருக்கும் வேறு பிள்ளை குட்டி இல்லை. அயலவர் ஒருவர்தான் அவருடைய படத்தையும், அவர் பாட்டன் கையால் எழுதிய வம்சப் பட்டியலையும் அனுப்பியிருந்தார்.

அந்தப் பட்டியலின் உச்சியில் தாமஸ் என்று ஒரு பெயர். முந்நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தின் கிழக்குப் பக்கக் கிராமம் ஒன்றிலிருந்து வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறியவன் என்று அதில் எழுதியிருந்தது. அதே கிராமத்திலிருந்து அவனுக்கு முன்பே போன தமையன் வில்லியம் அங்கே புகையிலைத் தோட்டம் வைத்துப் பெருகியவன். வில்லியத்தின் சந்ததி இன்று அமெரிக்கா முழுக்கப் பரந்து, ஒரு குடும்பச் சங்கம் வைத்து, புத்தகம் அச்சடித்து, ஒவ்வொரு கோடையிலும் ஒன்றுகூடிச் சாப்பிடுகிறது. தாமஸ் வழி ஆட்கள் "நாங்களும் உங்கள் ஆட்கள்தான்" என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாமஸ் வில்லியத்தின் தம்பிதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று சங்கம் கையை விரித்துவிட்டது.

"எனக்குச் சொத்து ஒண்டும் வேண்டாம்" என்றார் அவர். ஜெர்மன்காரர் பேசியதை எல்லாம் நான் நம் பேச்சிலேயே சொல்கிறேன், எனக்கு ஞாபகத்தில் அப்படித்தான் நிற்கிறது. "அவை கோடையில ஒண்டாய் இருந்து சாப்பிடுகினமாம். எனக்கு எண்டு சொல்ல இந்த உலகத்தில வேற ஒருத்தரும் இல்லை. ஒருக்கா அந்த மேசையில போய் இருக்கோணும். அவ்வளவுதான்."

சங்கம் எங்கள் அலுவலகத்தின் அறிக்கையை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது. புதிய புத்தகம் அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருந்தது. நாங்கள் "ஆம்" என்றால் பெயர் புத்தகத்தில் ஏறும், அழைப்பு வரும். "தெரியாது" என்றால் கோப்பைத் திறந்தே வைத்திருப்பார்கள், விருந்தாளியாக வந்துபோகலாம். "இல்லை" என்றால் விஷயம் முடிந்தது.

சிப்பாயிலிருந்து மேலே மேலே ஏறித் தாமஸ்வரைக்கும் வழி சுத்தமாக இருந்தது. ஒரு படி மட்டுந்தான் மிச்சம். கிராமத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் வில்லியத்துக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், பெயர் தாமஸ். லண்டனிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போன கப்பலின் பட்டியலிலும் அதே பெயரும் குடும்பப் பெயரும் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டின்படி அந்த வருடம் அவனுக்குப் பதினைந்து வயது. கப்பல் பட்டியல் இருபது என்று சொல்கிறது.

ஐந்து வருட வித்தியாசம்.

இந்த இடத்தில் உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். ஒப்பந்தக் கடதாசி இல்லாமல் கப்பல் ஏறும் பொடியனுக்கு வயது குறையக் குறைய, கப்பல் கூலிக்குப் பதிலாக எசமானிடம் வேலை செய்ய வேண்டிய வருடங்கள் கூடும். ஆகவே பொடியன்கள் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்.

அச்சுக்குப் போகும் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு ஃபிராவ் லோரென்ட்ஸுக்கு டெர்மின், சந்திக்க நேரம், கொடுத்திருந்தேன். பெரியவரும் அறையில் இருந்தார். நான் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து வயதைக் காட்டினேன். மனிசி கண்ணாடியைப் போட்டு, இங்கிலிஷ் விளங்காவிட்டாலும் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொடியன் பொய் சொல்லியிருக்கலாம்தானே?"

நான் சொன்ன பதில் இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "அதிகாரிக்கு முன்னால நிண்டு தன்ரை வயதை ஒருத்தன் என்னத்துக்குப் பொய் சொல்லப்போறான்?"

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது எனக்கு வயது பத்தொன்பது. "டேய், மீசையை வழி. பதினைஞ்சு எண்டு சொல்லு. பதினாறு எண்டு வாய் தவறினாலும் பெரிய ஆள் எண்டு முகாமில போடுவாங்கள், அலுவல் கெட்டுது" என்று ஆட்களை வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொழும்பிலேயே பாடமாக்கிவிட்டான். ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்து, அதிகாரி கேட்டபோது பதினைந்து என்றேன். அதனால் முகாமில் போட்டு வைக்காமல் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரைக்காற்சட்டை போட்டு ஓட்டப்பந்தயம் ஓடினேன். அதில் முதலாவதாக வந்ததற்கு ஆசிரியர் முதுகில் தட்டியபோது வெட்கத்தில் செத்தேன். பள்ளிக்கூடம் முடித்ததால் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்தது, அதனால் இந்த வேலை கிடைத்தது. என் சோறு, என் வீடு, என் மேசை எல்லாம் அந்த நாலு வருடப் பொய்யில் நின்றன.

அப்படிப்பட்ட நான்தான் அந்த மனிசியின் முகத்தைப் பார்த்து, யார் வயதைப் பொய் சொல்வான் என்று கேட்டேன். மறந்துபோய்க் கேட்கவில்லை. வாய் திறக்கும்போதே எனக்குக் காது இரண்டும் கொதித்தன. "ஓம், பொய் சொல்லியிருப்பான், பொடியன்கள் சொல்லுறவங்கள்தான்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அந்த வருடந்தான் ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக், விண்ணப்பம், போட்டிருந்தேன். அது எங்கோ ஓர் அலுவலகத்து அலுமாரியில் கிடந்தது. நான் இங்கே அப்படிச் சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பெரியவர் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டிருக்கவே மாட்டார். வரலாற்றுப் புத்தகத்தில் உள்ள ஒரு சங்கதியைச் சொல்வதற்கு யார் என் பிறந்த நாளைத் தோண்டப்போகிறார்கள்? ஆனால் பொய் வயதோடு வாழ்கிறவனுக்குப் பயம் அப்படித்தான் வேலை செய்யும். யாரும் தன் கடதாசியைப் பார்க்கக்கூடாது என்று, மற்றவன் கடதாசியை மற்ற எல்லாரையும்விட இறுக்கிப் பிடிப்பான்.

மனிசி போக எழுந்தார். தகப்பனின் படத்தைக் கைப்பைக்குள் வைத்தார். என் கையைப் பிடித்து, "பரவாயில்லை. நீங்கள் எனக்கு ஆசை காட்டாமல் உள்ளதைச் சொன்னீங்கள். நேர்மையான ஆள்" என்றார். ஐயோ, அப்போதே என் கையை நான் இழுத்து எடுத்திருக்க வேண்டும்.

அவர் போனதும் பெரியவர் அப்பிளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "‘தெரியாது’ எண்டு எழுதுங்கோ" என்றார்.

"இல்லை. ஐஞ்சு வருஷம் சின்ன வித்தியாசமே? இது வேற ஆள்."

"வேற ஆள் எண்டதுக்கு உங்களிட்டை அத்தாட்சி இருக்கோ?"

"அதே ஆள் எண்டதுக்கும் இல்லைத்தானே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரக்கப்பட்டு எழுதும் அறிக்கையால் அலுவலகத்தின் பெயர் கெடும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். கோப்பு என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது, அவர் யாரையும் வற்புறுத்தும் ஆள் இல்லை. "யோசிச்சு எழுதுங்கோ" என்றுமட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வெள்ளிக்கிழமை "இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவிக்குச் சொன்னேன். இவள் மன்னார்க்காரி, மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாது.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள். "வயசைக் குறைச்சுச் சொல்லி வந்த மனிசன், கூட்டிச் சொல்லி வந்தவனை வாசலிலை மறிச்சுப்போட்டு வாறியள்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லுங்கோ, நான் நம்புறன்."

கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் வந்ததே அவள் சொன்னது உண்மை என்பதால்தான். (இந்த வரியை வாசித்துக் காட்டு என்று இரண்டு முறை சொல்லியும் எழுதுகிறவள் கேட்காமல் சிரிக்கிறாள்.)

குடியுரிமை கிடைத்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகாவது நான் அந்தக் கோப்பைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. "இல்லை" என்று எழுதிய கோப்பை ஒருவரும் திறப்பதில்லை. "தெரியாது" என்று எழுதியிருந்தால் அது என் மேசையில் கிடந்து கண்ணைக் குத்திக்கொண்டே இருந்திருக்கும். இன்னொரு பதிவேட்டைக் கேட்டு எழுதியிருப்பேன், இன்னொரு தாளைப் புரட்டியிருப்பேன். நான் கேட்காமல் விட்டது வர்ஜீனியாவின் ஒரே ஒரு நீதிமன்றப் பதிவுப் புத்தகம்.

ஏழு வருடம் கழித்து, வேறு ஒரு குடும்பத்துக்காக, அதே புத்தகத்தின் படப்பிரதியை வரவழைத்தேன். அப்போதே கண் மங்கத் தொடங்கிவிட்டது. பூதக்கண்ணாடியோடு வரி வரியாகப் போனபோது ஒரு காணி எல்லை வழக்கில் சாட்சி சொன்ன தாமஸ் வந்து நின்றான். அந்தக் காலத்தில் சாட்சி தன் வயதைச் சொல்லித்தான் தொடங்குவான். நாற்பதளவில் என்று சொல்லியிருந்தான். கணக்குப் போட்டேன். கிராமத்துப் பதிவேட்டோடு அப்படியே பொருந்தியது. கீழே இன்னும் இரண்டு வரி: தான் பதினைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்ததாகவும், வேலைக்காலம் முடிந்ததும் தமையன் வில்லியத்தின் வீட்டில் வந்து இருந்ததாகவும், அதனால் அந்த எல்லை மரத்தைத் தனக்குத் தெரியும் என்றும் சொல்லியிருந்தான்.

பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தேன். சந்தோஷமா என்று கேட்காதீர்கள். அந்தப் பொடியன் தன் தமையனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான், நான்தான் சேரவில்லை என்று எழுதியவன்.

ஃபிராவ் லோரென்ட்ஸின் தொலைபேசி எண்ணை அடித்தேன். அப்படி ஓர் எண் இல்லை என்று வந்தது. மத்தியானமே டிராமில் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அழைப்பு மணியில் வேறு பெயர். எதிர் வீட்டுப் பெண் சந்தைப் பையோடு வந்தவர், நின்று சொன்னார்.

"அவ போன வருஷம் இலையுதிர் காலத்தில போயிட்டா. உறவு எண்டு ஒருத்தரும் இல்லை. நகரசபைதான் எல்லாம் செய்தது."

"எங்கை அடக்கம்?"

"கல்லு இல்லாத புல்வெளியில. நானும் ஒருக்காப் போனனான். எந்த இடம் எண்டு தெரியேல்லை, பூவை ஒரு மரத்தடியில வைச்சிட்டு வந்தன்."

உங்களுக்குத் தெரியும், உறவில்லாதவர்களை இங்கே அப்படித்தான் புதைப்பார்கள். புல் இருக்கும், பெயர் இருக்காது. நான் அந்தப் புல்வெளிக்குப் போனேன். பூ வாங்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. வெறுங்கையோடு அரை மணி நேரம் நின்றேன். மன்னிப்புக் கேட்க எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பெரியவரிடம் போனேன். அவர் ஓய்வுபெறும் நேரம் அது. எல்லாவற்றையும் சொன்னேன், என் வயது உட்பட. அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "உங்கடை வயதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அண்டைக்கும் தேவை இருக்கேல்லை. ‘தெரியாது’ எண்டு எழுதியிருந்தால் காணும்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சங்கத்துக்குத் திருத்திய அறிக்கை எழுதினேன். நீதிமன்றப் புத்தகத்தின் பிரதியை இணைத்தேன். முதல் அறிக்கையில் பிழை என்னுடையது, என்னுடையது மட்டுந்தான் என்று எழுதினேன். விண்ணப்பித்தவர் இறந்துவிட்டார் என்றும் எழுதினேன். கடைசி வரியில் "ஆம்" என்று போட்டேன்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லோரும் அகதிகளின் பிள்ளைகள். உங்கள் தாய் தகப்பனின் கடதாசியில் உள்ள பெயரும் திகதியும் எவ்வளவு தூரம் உண்மை என்று உங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படிப் பேச்சில், தெரியும். அந்த அறிவை வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். ஓர் எல்லையில், ஓர் அதிகாரிக்கு முன்னால், ஒரு பொடியன் என்ன சொல்வான் என்பது அந்த அலுவலகத்தில் மற்ற எல்லாரையும்விட எனக்குத்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் துணிவில்லை. எனக்குத் தெரிந்ததை மறைத்ததற்கு இன்னொருத்தி விலை கொடுத்தாள்.

சங்கத்தின் செயலாளரிடமிருந்து மூன்று கிழமையில் பதில் வந்தது. தடித்த உறை. கண் சரியில்லை என்று மனைவிதான் வாசித்தாள். அடுத்த பதிப்பில் ஃபிராவ் லோரென்ட்ஸின் பெயரும் அவர் தகப்பனின் பெயரும் வரும் என்று மரியாதையாக எழுதியிருந்தார். தாமஸ் வழியில் இன்னும் நிறையப் பேரைச் சேர்க்க வழி பிறந்தது என்று எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார். ஃபிராவ் லோரென்ட்ஸ் தங்களுக்கு எழுதிய கடிதங்களையும், அவருக்கு உறவினர் இல்லாதபடியால், என்னிடமே திருப்பி அனுப்புவதாக முடித்திருந்தார்.

ஆறு கடிதங்கள். நான் "இல்லை" என்று எழுதிய பிறகு, ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஒன்று. அகராதியை வைத்துச் சொல் சொல்லாகக் கட்டிய இங்கிலிஷ். புதிதாக ஏதும் அத்தாட்சி கிடைத்ததா என்று கேட்டிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் அவர்கள் அனுப்பிய பதிலின் பிரதி ஊசியால் குத்தியிருந்தது: ஹனோவர் அலுவலகத்தின் முடிவு "இல்லை" என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை.

மனைவி ஆறாவதை எடுத்தாள். முந்தினவற்றைவிடச் சின்னக் கடிதம், கையெழுத்துச் சரிந்திருந்ததாகச் சொன்னாள். வாசித்தாள்.

"மேசையில் எனக்கு இடம் தர முடியாவிட்டால் பரவாயில்லை. நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சமைத்தவள். அன்றைக்குச் சமையலறையில் உங்களுக்கு ஆள் தேவைப்படும். அதற்கு வரலாமா?"

மனைவி தாளை மடியில் வைத்தாள். அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அதேதானப்பா" என்றாள்.